வேலுத்தாயின் பாசி நிறம்

வேலுத்தாயின் காலைக் கோணலாகக் கட்டியவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாரும் சொல்லித் தெரிய வேண்டாம். 1949-இல், தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் உருண்டு விழுந்தவளை நாலு பேர் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். டாக்டர் லீவில் போயிருந்தார். கம்பவுண்டராகிய நான் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினேன். எலும்பு கூடியது, நேராகக் கூடவில்லை. அதற்குப் பிறகு அவளால் சரிவில் நின்று கொழுந்து கிள்ள முடியவில்லை. தோட்டத்து ஆள்கணக்கான செக்ரோலில் இருந்து பேரை அடித்துவிட்டார்கள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டாள்.

"நீங்க மட்டும் இல்லேன்னா நான் உசுரோட இருந்திருப்பேனாய்யா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் ஈஸ்வரமூர்த்தி. சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. அங்கே வயல்வேலை பார்க்கப் பிடிக்காமல், மூணாறுக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டுக்கு வந்து மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலுத்தாய் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் பேச்சிமுத்து. ஒரே பெண், கனி. தொழிலாளர் லயத்தில் ஏழாம் நம்பர் அறையில் மூன்று பேரும் இருந்தார்கள். செக்ரோலில் பேர் உள்ள ஆள் ஒருவராவது இருந்தால்தான் அறை. பேச்சிமுத்துவின் பேரில் அறை நின்றது.

பேச்சிமுத்துவுக்கு ஆற்றுக் காவல் வேலை. ஆற்றை எதற்குக் காக்க வேண்டும் என்று கேட்பீர்கள். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் மீனான ட்ரவுட்டைக் கொண்டுவந்து எங்கள் மலை ஆற்றில் விட்டு வளர்த்தார்கள். வளர்த்ததை வலைபோட்டுப் பிடித்துக் குழம்பு வைத்தால் போதாதா? போதாதாம். புழுவைக் கோத்துப் பிடிப்பதுகூடக் கேவலமாம். கொக்கியில் கம்பளி நூலையும் காட்டுக்கோழி இறகையும் சுற்றி, நீர்ப்பூச்சியைப் போலப் பொய் ஈ ஒன்று கட்டி, அதை மிதக்கவிட்டு மீனை ஏமாற்ற வேண்டும். எங்கள் மேனேஜர் கார்னி துரைக்கு இதில் பைத்தியம். வேறு எதிலும் கெட்ட மனுஷன் இல்லை.

அவருக்குச் சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த சாயநூல் சண்டைக் காலத்தில் நின்றது. பிறகும் ஒழுங்காக வரவில்லை. துரைசாணி பின்னல் போட வைத்திருந்த வெள்ளைக் கம்பளி நூல்தான் இருந்தது. வெள்ளை ஈயை எந்த மீன் கடிக்கும்? துரை புலம்புவதைக் கேட்ட பேச்சிமுத்து, "எம் பொஞ்சாதி சாயம் காச்சித் தருவா தொரை" என்று சொல்லிவிட்டு, ஆற்றுக் கல்லுக்கு அடியில் இருந்து ஒரு பூச்சியை வெற்றிலையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

வேலுத்தாய் அந்தப் பூச்சியை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை. பாறையில் படிந்த பாசியின் நிறம். அவளுக்குச் சாயப்பொடி ஏது? அடுப்படியில் இருப்பதுதான். பங்களா சமையல்காரர் சூசையப்பன் சேர்த்துக் கொடுத்த வெங்காயச் சருகு, டீச்சக்கை, மஞ்சள். நாவிதரிடம் வாங்கிய படிகாரத் துண்டு. ஓர் உருண்டைப் புளி. வீட்டில் ஒரு பழைய இரும்புச் சட்டி இருந்தது. ஒரு காது உடைந்தது. அதில் முதல் நாளே புளியைக் கரைத்து வைத்துவிட்டு, மறுநாள் மற்றதையெல்லாம் போட்டுக் கொதிக்கவிட்டு, நூலை முக்கி எடுத்தாள். மூன்றாவது தடவையில் பாசி நிறம் வந்துவிட்டது. பூச்சியையும் நூலையும் பக்கத்தில் வைத்தால் கால் இருப்பதை வைத்துத்தான் பூச்சியைக் கண்டுபிடிக்க முடியும்.

அந்த நூலில் கட்டிய ஈயால் துரை என்னவெல்லாம் பிடித்தார் என்று எனக்குத் தெரியாது, அக்கறையும் இல்லை. சுற்றுவட்டத்துத் துரைமார்கள் எல்லாரும் அந்த நூலைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள் என்பது மட்டும் தெரியும். சூசையப்பன் எந்தப் பங்களாவுக்குப் போனாலும் அந்தப் பேச்சுத்தானாம். வேலுத்தாய்க்குச் சிரிப்பு. "ஒரு ஈக்கு இம்புட்டுச் சட்டையா!" என்பாள். ஆனால் சாயம் காய்ச்சும் நாளில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். காலை இழுத்து இழுத்து அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்து, நூலை வெயிலில் பிடித்து, போதாது என்று மறுபடி முக்குவாள். கொழுந்து கிள்ளிய காலத்தில் அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

1953 ஆடி மழையில் பேச்சிமுத்துவுக்குச் சளிக்காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, ஒன்பதாம் நாள் செத்துப்போனான். கொடுக்க வேண்டிய மருந்தெல்லாம் கொடுத்தேன். மூன்றாம் நாளே எஸ்டேட் கிளார்க் வாசலில் வந்து நின்றார். அறையில் செக்ரோல் ஆள் இல்லை. மாதக் கடைசியில் காலி பண்ண வேண்டும். கனிக்கு அப்போது பத்து வயது. பன்னிரண்டு ஆனால் அவளைப் பேர் பதிந்து வேலைக்குச் சேர்க்கலாம், அறை அவள் பேருக்கு மாறும். நடுவில் இரண்டு வருஷம். சங்கரன்கோவில் பக்கம் போகலாமென்றால் அங்கே மழை பொய்த்து, இருந்த அண்ணன் குடும்பமே கிணறு வெட்டும் வேலைக்கு எங்கோ போயிருந்தது.

சூசையப்பன் துரையின் காதில் போட்டார். துரை யோசிக்கக்கூட இல்லை. பங்களா வேலைக்காரி என்று அவள் பேரை எழுதச் சொன்னார். வேறு வேலை வேண்டாம்; மழை விட்டு மீன்பிடிப்பு தொடங்கும்போது பாசி நூல் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சேதியைக் கொண்டுபோனவன் நான். கேட்டதும் வேலுத்தாய் அழுதுவிட்டாள். புருஷன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

"ரெண்டு வருசம்யா. ரெண்டே வருசம் இந்த அறை நின்னாப் போதும். எம்புள்ளை எங்கிட்டயே இருந்துக்கிடுவா" என்றாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் போயிருந்தேன். சாவு வீட்டில் புழங்கிய மண்சட்டிகளை அன்றைக்குக் கழித்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். துணி வெளுக்கும் ஏகாலி மாடன் எல்லாவற்றையும் எடுத்து வாசலில் அடுக்கினான். வேலுத்தாய் உள்ளே போய் அந்த இரும்புச் சட்டியையும் எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இரும்பைக் கழிக்க வேண்டியதில்லை தாயி, மண்சட்டி மட்டும் போதும்" என்றான் மாடன்.

"கடைசியா அவுக வாய்க்கு ருசியாத் தின்னது இதுல வறுத்த கருவாடுதான். இதை வச்சுக்கிட்டு நான் என்னத்தப் பொங்க? கொண்டு போயிருண்ணே."

ஒரு குறையும் இல்லாமல் புருஷனை அனுப்பிவைக்க வேண்டும் என்று அவளுக்கு. மாடன் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

துரைசாணி இரக்கப்பட்டு, சாயம் காய்ச்சுவதற்கென்றே புது அலுமினியப் பாத்திரம் ஒன்று அனுப்பினார். புரட்டாசியில் மழை விட்டது. வேலுத்தாய் அடுப்பை மூட்டினாள். அதே வெங்காயச் சருகு, அதே டீச்சக்கை, அதே புளி. நூலை எடுத்தால் பூசணிப்பூப் போல மஞ்சளாக வந்தது. மறுபடி முக்கினாள். இன்னும் பளிச்சென்ற மஞ்சள். டீச்சக்கையைக் கூட்டினாள், தங்க நிறம் வந்தது. பாத்திரத்தின் மேல் அவளுக்கும் சந்தேகம் வராமல் இல்லை. புது மண்சட்டி வாங்கி அதிலும் காய்ச்சினாள். அதிலும் மஞ்சள்தான். இரண்டு பாத்திரத்திலும் ஒரே மாதிரி வந்தால் பாத்திரத்தை எப்படிக் குறை சொல்வது? வேறு இரும்புச் சட்டி இரவல் வாங்கிப் பார்த்திருக்கலாம். ஆனால் வருஷம் திரும்பும்வரை சாவு வீட்டுக்கு யாரும் அடுப்படிச் சாமான் இரவல் தரமாட்டார்கள். அவளும் கேட்கமாட்டாள். தனிக்கட்டையான என் வீட்டில் ஒரு இரும்பு வாணலி சும்மா கிடந்தது.

முதலில் வாயைத் திறந்தவள் கங்காணியின் பெண்சாதி. "தாலி அறுத்த கையி. அதுல மஞ்சள் எப்படி அடங்கும்? அது தன் இஷ்டத்துக்குத்தான் நிக்கும்" என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லியிருக்கிறாள். ஒரே நாளில் லயம் முழுக்க அதே பேச்சு. என்னிடம் வந்து சொன்னவர்களை நான் கத்தி அனுப்பினேன். கத்தியதோடு சரி. என் மேஜைமேல் இருந்த புத்தகத்தில் உப்பைப் பற்றியும் இரும்பைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. பரீட்சைக்கு உருப்போட்டவன்தானே நான். உட்கார்ந்து யோசிக்கத் தோன்றவில்லை. பொம்பளைகள் சாயம் காய்ச்சுவதில் எனக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

வேலுத்தாய் அந்தப் பேச்சை நம்பினாள். நம்பி, ஒரு வழியும் கண்டுபிடித்தாள். கனியைக் குளிப்பாட்டி, அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்து, தான் வாசலில் நின்றுகொண்டு, எடு, போடு, கிண்டு என்று சொன்னாள். தன் கை எதிலும் படாமல் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு நான் லயத்தில் காய்ச்சல் பார்க்கப் போயிருந்தேன். கனி நூலைக் குச்சியால் தூக்கி, "யம்மா, வந்துருச்சா?" என்று கேட்டாள். தண்ணீர் சொட்டச் சொட்ட மஞ்சள் நூல்.

வேலுத்தாய் மெல்லப் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்தாள். கனி அவளிடம் நூலைக் காட்ட ஓடிவந்தாள். "கிட்ட வராதே, அங்ஙனயே நில்லு" என்று அவள் கத்தின கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

என்னைப் பார்த்ததும், "எங்கிட்ட இருந்தது புள்ளைக்கும் ஒட்டிக்கிடுச்சுய்யா. இவ தலையை நான்லா தினம் சீவிவிடுதேன், சோறு பிசைஞ்சு ஊட்டுதேன்" என்றாள்.

"என்ன அம்மிணி பேசற? கிறுக்கா புடிச்சிருக்குது உனக்கு?" என்றேன். அவள் கும்பிட்டாள்.

துரையைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான், முடியவில்லை. மூன்று வாரம் பொறுத்தார். அப்புறம் சீமையிலிருந்து அவர் சிநேகிதர் யாரோ ஒரு பெட்டி நிறையச் சாயநூல் அனுப்பிவிட்டார். இனிமேல் வேலுத்தாயின் நூல் தேவையில்லை. தேவையில்லாத வேலைக்காரியின் பேரைக் கிளார்க் அடித்தார். துரை அவளுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கம்பளிப் போர்வையை சூசையப்பனிடம் கொடுத்தனுப்பினார். ஐப்பசி பிறக்குமுன் ஏழாம் நம்பர் அறையில் வேறு குடும்பம் வந்துவிட்டது.

கனியை எங்கே வைப்பது என்று வந்தபோது நான் புத்திசாலித்தனமாக ஒரு யோசனை சொன்னேன். கொழிஞ்சாம்பாறையில் என் அக்கா மயிலாத்தாள் வீடு இருக்கிறது. மாடு கன்று, ஆள் நடமாட்டம் உள்ள வீடு. பிள்ளை கூடமாட வேலை செய்துகொண்டு வயிறாரச் சாப்பிடட்டும். வேலுத்தாய் மறுக்கவே இல்லை. எனக்கு அதுவே விசித்திரமாக இருந்தது. இரண்டு வருஷம் பிள்ளையோடு இருக்க வேண்டும் என்று அழுதவள், "தூரமாப் போகட்டும்யா, நல்லாருப்பா" என்றாள்.

பஸ் ஏறும்போது கனி அம்மாவின் சேலையைப் பிடிக்கப் போனாள். வேலுத்தாய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிள்ளை அழுத அழுகை பொறுக்காமல் நான்தான் தூக்கி உள்ளே உட்காரவைத்தேன். பஸ் திரும்பும்வரை அவள் கையைப் பிரிக்கவில்லை. மனசு கல்லாகிவிட்டது இவளுக்கு என்று நினைத்தேன். அன்றைக்கு நான் நினைத்தது அதுதான், மறைக்கவில்லை.

வேலுத்தாய் மறையூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலையில் அடுப்பெரிக்கும் வேலைக்குப் போனாள். உட்கார்ந்துகொண்டே செய்கிற வேலை. நான் வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வரும்போது அந்த வழியில் இறங்கி, கனி எப்படி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வருவேன். வளர்ந்திருக்கிறாளா, தலைமுடி நீளமா என்று கேட்பாள். வந்து பார் என்றால் மட்டும் பேச்சை மாற்றுவாள்.

கனி பெரியவளானபோது அக்கா முறையாகச் சொல்லியனுப்பினாள். அடுத்த தடவை நான் ஊருக்குப் போனபோது அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா ஈசுவரா, பெத்தவ அத்தனை தூரம் பஸ்ஸேறி வந்துட்டு ஊட்டுக்குள்ள வரமாட்டீங்கறா. மஞ்சத் தண்ணி ஊத்தறப்ப ரோட்டுக்கு அந்தப்பக்கம் வேப்பமரத்துக்கிட்ட நிக்கறா. நாங்க போய்க் கூப்பிடறதுக்குள்ள ஆளைக் காணோம். என்ன சென்மமடா அது?"

கனி தொழுவத்தில் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். அவள் பேச்சில் இப்போது சங்கரன்கோவில் வாடையே இல்லை. "உடுங்க மாமா. எங்கம்மாளுக்கு என்னையக் கண்டாலே ஆகாதுங்க. சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியது ஒரு டம்ளர் டீயைப் பற்றி. 1957 மாசி மாதம். ரத்தம் குறைந்து வெளுத்துப்போன ஒரு பெண்ணுக்கு இரும்புச் சத்து மிக்சரைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கை தவறி நாலு சொட்டு என் டீயில் விழுந்தது. டீ மசியாகக் கறுத்துவிட்டது. பத்து வருஷமாக, இந்த மருந்தைக் குடித்துவிட்டு டீ குடிக்காதே என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அந்தக் கறுத்த டீயைப் பார்த்ததும் மாடன் தலையில் கவிழ்ந்து போன சட்டி ஞாபகம் வந்தது. முதல் நாளே புளி கரைத்து வைத்த இரும்புச் சட்டி. டீச்சக்கை. வெங்காயச் சருகு.

வீட்டுக்குப் போய் வெங்காயச் சருகையும் மஞ்சளையும் டீயையும் கொதிக்கவைத்து, மிக்சரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மஞ்சள் தண்ணீர் கலங்கி, பச்சையாகி, பாசியாகி நின்றது. உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் டிஸ்பென்சரி அலமாரியில் இருந்து ஒரு அவுன்ஸ் கொண்டுபோய் அவள் பாத்திரத்தில் ஊற்றியிருந்தால் போதும். ஏழாம் நம்பர் அறை நின்றிருக்கும். கனி இந்நேரம் அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

மாடன் வீட்டில் சட்டி இன்னும் இருந்தது. கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தான். கேட்டதும் கொடுத்துவிட்டான். அதைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மறையூர் பஸ் ஏறினேன்.

ஆலையில் அன்று அடுப்பு அணைந்திருந்தது. வேலுத்தாய் கரும்புச் சக்கைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சட்டியைப் பார்த்ததும் முகம் மாறியது. "இதை ஏன்யா திருப்பிக் கொண்டாந்திய? அவுகளுக்குக் கழிச்சதுலா?"

"ஒண்ணுங் கேக்காதே அம்மிணி. நாஞ் சொல்றதை மட்டும் செய்" என்றேன். கல் கூட்டி அடுப்பு வைத்தோம். கொண்டுபோயிருந்த புளியை அதில் கரைத்துக் காத்திருந்தேன். வெயில் சாயும் நேரத்தில் சருகும் டீச்சக்கையும் மஞ்சளும் போட்டேன். அவள் கிட்டே வரமாட்டேன் என்றாள். நான் விடவில்லை, குச்சியை அவள் கையில் திணித்து, வெள்ளைக் கம்பளி நூலை அவளையே முக்கவைத்தேன்.

தூக்கினாள். பாசி நிறம். ஆற்றுக்கல் அடியில் இருந்த அந்தப் பூச்சியின் நிறம், அப்படியே.

அவள் நூலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். இன்னொரு தரம் திருப்பினாள். "எங்கையாலதான முக்கினேன்?" என்றாள்.

"உங்கையாலதான். கையில ஒண்ணுமில்ல அம்மிணி, அன்னைக்கும் ஒண்ணுமில்ல. எல்லாம் இந்தச் சட்டியில இருக்கற துரு. புளி அதைக் கரைக்குது, அது சாயத்தைக் கறுக்க வெக்குது. அலுமினியத்துல துரு ஏது, மண்சட்டியில ஏது? யார் காய்ச்சியிருந்தாலும் மஞ்சளாத்தான் வந்திருக்கும். துரைசாணி காய்ச்சியிருந்தாலும் மஞ்சள்தான்."

"துருவா?"

"துருதான்."

அவள் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் தன் இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். எவ்வளவு பெரிய முட்டாள்.

"அவ சமைஞ்ச அன்னைக்கு வேப்பமரத்தடியில நின்னேன்யா. அவ என்னையப் பாத்துட்டா. யம்மான்னு வாயெடுத்தா. கிட்ட வந்துட்டாள்னா என்ன செய்யதுன்னு ஓடிட்டேன். இந்தக் காலை வச்சுக்கிட்டு ஓடுனேன்." சட்டியைக் காட்டினாள். "இந்தத் துருவுக்கா நான் எம்புள்ளையை நாலு வருசம் தொடலை?"

நான் அவசர அவசரமாகப் பேசினேன். காலையில் முதல் பஸ்ஸில் போய்விடலாம், நானே கூட்டிப்போகிறேன், அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள், கனியிடம் எல்லாவற்றையும் நான் விளக்கிச் சொல்கிறேன் என்றேன். தொழுவத்தில் கனி சொன்னதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

"அவளுக்கு நான் வேண்டாதவளா ஆயிருப்பேன்லா?" என்று கேட்டாள்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, சாயத் தண்ணீரைக் கீழே கொட்டினேன். அவள் அந்த நூலை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"வாரேன்யா, உங்க கூட வாரேன். ஆனா போயி என்னன்னு சொல்லி அவளைத் தொட?" என்றாள்.